முன்குறித்தலும் தலையெழுத்தும் ஒன்றா? செத்த வீட்டுப் பந்தலில் தொடங்கிய கதை

எங்கள் பெரியப்பா போன மாசி மாதம் காலமானார். இருபது வருடமாகக் கோயில் பக்கமே போகாத மனிதர். கடைசி வாரம், ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, போதகர் வந்து "ஜெபம் பண்ணவோ?" என்று கேட்டபோது "ஓம்" என்றார். அந்த ஒரு சொல்தான். செத்த வீட்டில், பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்துகொண்டு, சனம் அந்த ஒரு சொல்லைப் பற்றி மூன்று மணித்தியாலம் கதைத்தது.

மெதடிஸ்த மாமி சொன்னார்: "கடைசியிலாவது வாய் திறந்து ஓம் எண்டவர், அது காணும்." அமெரிக்கன் மிஷன் வழி வந்த சித்தப்பா: "அவர் சொன்னதால இல்லை, கடவுள் தெரிஞ்செடுத்த ஆளை விடமாட்டார்." கத்தோலிக்க அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை, செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சைவ ஐயா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு "எல்லாம் தலையெழுத்து" என்று எழும்பிப் போனார்.

இந்த வீடியோ அந்த நாலு பேரைப் பற்றியது.

[திரையில்: யாழ்ப்பாணக் கோட்டை, உள்ளே இடிந்த தேவாலயத்தின் கற்கள்]

முதலில் ஐயாவின் சொல்லை எடுப்போம், ஏனென்றால் கிறிஸ்தவர்களே இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். தலையெழுத்து என்றால் எப்போது கலியாணம், எப்போது சாவு, வெளிநாட்டு விசா கிடைக்குமா என்பது வரை எழுதியிருக்கிறது என்று நினைக்கிறோம். அதற்குக் காரணம் போன பிறப்பில் நாம் செய்த வினை. முன்குறித்தல் என்றால் கடவுள் முன்கூட்டியே தெரிந்தெடுப்பது. பைபிள் அந்தச் சொல்லைச் சொல்லும் இடங்களில், ரோமர் 8, எபேசியர் 1, பேச்சு இரட்சிப்பைப் பற்றியது. நீ செய்த எதையும் பார்த்துக் கணக்குப் போட்டு எழுதியதில்லை என்பதுதான் அங்கே, அந்த நிருபங்களில், பவுல் அழுத்திச் சொல்வது. ரோமர் 9இல் யாக்கோபும் ஏசாவும் பிறந்து நன்மை தீமை ஒன்றும் செய்யுமுன்பே தெரிவு நடந்துவிட்டது என்கிறார். அதாவது தலையெழுத்துக்கு நேர் எதிர். வினைக்குப் பலன் என்றால் நியாயம் புரிகிறது, வினையே இல்லாமல் தெரிவு என்றால் "அப்ப என்னை ஏன், அவனை ஏன் இல்லை?" என்ற கேள்வி நெஞ்சில் வந்து குந்திவிடும்.

சண்டை பழையது. 5ஆம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்ற துறவி, மனிதன் மனம் வைத்தால் கடவுள் கட்டளைப்படி வாழ அவனால் முடியும் என்றார். வட ஆபிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீன், விரும்புவதற்கே கடவுளின் கிருபை வேண்டும் என்று மறுத்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாஜியுஸின் கருத்தைத் தள்ளியது. இதை நினைவில் வையுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த பெரிய சபைகள் எதுவும் "நீயே உன்னை இரட்சித்துக்கொள்" என்று சொல்லவில்லை. கத்தோலிக்கரைப் பார்த்து "நீங்கள் நற்செயலால் மோட்சம் வாங்குகிறவர்கள்" என்று எங்கள் ஆட்கள் சொல்வது சுத்தப் பிழை. முதலில் அசைவது கடவுள்தான் என்பதில் மாமிக்கும் சித்தப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் தகராறு இல்லை. அவர் அசைந்த பிறகு மனிதனால் "மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? முழுச் சண்டையும் அங்கேதான்.

சரி, வடைக்கு வருவோம்.

[திரையில்: மேசையில் ஒரு தட்டு, அதில் பருத்தித்துறை வடை]

அம்மம்மா குசினி மேசையில் ஒரு தட்டில் ஆறு வடை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போகிறார். திரும்பி வரும்போது ஐந்துதான் இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் வீட்டில் நான் இருக்கிறேன். அவருக்குத் தெரிந்ததால் நான் எடுத்தேனா? இல்லை, எனக்கு ஆசை, எடுத்தேன். ஆர்மினியஸ் சொன்னது கிட்டத்தட்ட இதுதான். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், 1609இல் இறந்தவர். யார் விசுவாசிப்பார் என்பதைக் கடவுள் முன்னறிந்து அவர்களைத் தெரிந்துகொண்டார், கிருபை இல்லாமல் ஒருவனும் வரமுடியாது, ஆனால் அந்தக் கிருபையைத் தள்ளிவிடவும் முடியும் என்றார்.

16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கல்வினின் பக்கத்தார் விடமாட்டார்கள். "தம்பி, வடையைச் சுட்டது ஆர்? மேசையில் வைத்தது ஆர்? உன்னையும் உன் நாக்கையும் படைத்ததும் அவரே என்றால், சும்மா 'தெரிந்திருந்தது' என்று மட்டும் சொல்லித் தப்பமுடியுமோ?" நல்ல கேள்வி. அதோடு அவர்கள் சொல்வது, பாவத்தில் கிடக்கிற மனிதனுக்கு இந்த வடையில் ஆசையே இல்லை, ஆசையைக் கடவுள் புதிதாக உண்டாக்கவேண்டும், உண்டாக்கினால் அவன் கட்டாயத்தால் இல்லை, விரும்பித்தான் கை நீட்டுவான். கல்வினை இரக்கமில்லாத மனிதன் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விசயம்: சிலர் கைவிடப்படுகிறார்கள் என்ற அந்தத் தீர்மானத்தை அவரே லத்தீனில் நடுங்கவைக்கும் தீர்மானம் என்றுதான் எழுதிவைத்தார். சந்தோசமாகச் சொன்னதில்லை.

இன்னொரு ஆளும் இருக்கிறார், எனக்குப் பிடித்தவர்: மொலினா, ஸ்பெயின் நாட்டு இயேசு சபைக் குரு, 1588இல் புத்தகம் போட்டவர். அவர் கணக்கில் அம்மம்மாவுக்கு இன்னும் கூடத் தெரியும். வடையை மேல் தட்டில் வைத்தால் இவன் ஏறமாட்டான், மழை நாளில் வைத்தால் ஏறுவான், தம்பி பக்கத்தில் நின்றால் வெட்கத்தில் விட்டுவிடுவான். நடக்காத எல்லாம் நடந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது வரை தெரிந்து, அதற்கேற்ற மாதிரித் தட்டை வைக்கிறார். எடுப்பது நான்தான், ஆனால் நடப்பது அவர் நினைத்தது. தொமினிக்கன் சபையார் இதைக் கேட்டுக் கொதித்துப்போய் ரோமுக்கு முறையிட, 1597இல் விசாரணை தொடங்கி பத்து வருடம் இழுபட்டது. 1607இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் இரண்டு பக்கத்துக்கும் சொன்னது: ஒருவரை ஒருவர் பதிதர், அதாவது விசுவாசத்தை விட்டு விலகியவர், என்று ஏசக்கூடாது, தீர்ப்பை உரிய நேரத்தில் சொல்வோம். அந்த உரிய நேரம் இன்னும் வரவில்லை.

ஆனால் ஒரு விசயத்தில் கத்தோலிக்கம் தெளிவு. 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், கடவுள் தொடும்போது மனிதச் சித்தம் விரும்பினாலும் மறுக்கமுடியாது என்று சொல்வதைக் கண்டித்தது. அம்மம்மாவின் சொல்லில் இரட்சிப்பு 'மீட்பு', கிருபை 'அருள்'. பெரியப்பா செத்த பிறகும் அம்மம்மா செபமாலை உருட்டுவதற்குக் காரணம், அருளில் செத்தவருக்கும் சுத்திகரிப்பு மிச்சம் இருக்கலாம், அதற்கு நம் செபம் உதவும் என்பது. சித்தப்பாவுக்கு அதைக் கேட்டால் கோபம் வரும்.

[திரையில்: 1619]

இப்போது நம்மூர், ஆனால் நெதர்லாந்து வழியாகத்தான் வரவேண்டும். ஆர்மினியஸ் செத்த பிறகு அவர் ஆட்கள் 1610இல் ஐந்து குறிப்புகள் எழுதிக் கொடுக்க, அதற்குப் பதில் சொல்ல நெதர்லாந்தின் டோர்ட் நகரில் 1618 கார்த்திகையில் ஒரு சங்கம் கூடி, 1619 வைகாசி வரை இருந்தது. ஆர்மினியஸ் பக்கம் தோற்றது. ஏறக்குறைய 200 போதகர்கள் வேலை இழந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக நின்ற மூத்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட், 71 வயது, தேசத்துரோகம் என்று 1619 மே 13 அன்று தலை வெட்டப்பட்டார். (முன்குறித்தலைப் பற்றிய வாக்குவாதம் வெறும் வாய்ப்பேச்சு என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.) அதே 1619இல்தான் யாழ்ப்பாண அரசன் சங்கிலி குமாரனைத் தோற்கடித்துப் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 39 வருடம் கழித்து, 1658இல், ஒல்லாந்தர், அதாவது நெதர்லாந்துக்காரர், அவர்களைத் துரத்திவிட்டு உள்ளே வந்தபோது டோர்ட்டின் தீர்மானங்களும் கூடவே வந்து இறங்கின. கோட்டைக்குள் 1706இல் சிலுவை வடிவில் அவர்கள் கட்டிய தேவாலயம் போரில் இடிந்து, இப்போது கற்குவியல்.

தெரிந்துகொள்ளப்பட்டவர்களின் பட்டியல் பரலோகத்தில் எப்படி இருந்ததோ, ஒல்லாந்தரிடம் கீழே ஒன்று இருந்தது: பாடசாலைத் தோம்பு என்ற பதிவேடு. ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் அதில் ஏறவேண்டும், உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்களின் சபையில் பெயர் இருக்கவேண்டும். சனம் பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டில் விபூதி பூசியது. கத்தோலிக்கர் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1687இல் கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில் இங்கே வந்தது அதனால்தான். 1795இல் பிரித்தானியர் கோட்டையைப் பிடித்ததும் தோம்பில் இருந்த பெயர்களில் பெரும்பாலானவை சபையை விட்டுக் கரைந்துபோயின. கையைப் பிடித்து எழுதவைத்த "ஓம்" எவ்வளவு நாள் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு 1814இல், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் ஆட்கள் வந்தார்கள். கிருபை எல்லாருக்கும் முந்திப் போய் நிற்கிறது, ஏற்கவும் தள்ளவும் அதுவே பலம் கொடுக்கிறது என்பது வெஸ்லியின் போதனை; மாமியின் "அது காணும்" அங்கிருந்து வருகிறது. 1816இல் கல்வினின் பரம்பரையில் வந்த அமெரிக்கர்கள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இறங்கினார்கள். சித்தப்பாவின் வார்த்தை அந்த வழி. இங்கிலாந்தில் கடும் சண்டை பிடித்த இரண்டு பக்கமும் இங்கே சைக்கிளில் போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் நடத்தி, ஒரே குடும்பத்துக்குள் சம்பந்தம் பண்ணிவிட்டன.

டோர்ட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடமுடியாது. அவ்வளவு கடுமையான தீர்மானங்களுக்கு நடுவே, முதல் பகுதியின் 17ஆம் பிரிவில், குழந்தையாகவே இறந்துபோன தங்கள் பிள்ளையின் தெரிவையும் இரட்சிப்பையும் பற்றிப் பக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்படவேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே இருந்தவர்களில் எத்தனையோ பேர் பிள்ளையைப் புதைத்தவர்களாக இருந்திருப்பார்கள் என்று அதை வாசிக்கும்போது எனக்குத் தோன்றும்.

பெரியப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு அம்மம்மா பூசை ஒப்புக்கொடுத்தார். மாமியும் வந்தார், கோபத்தை மறந்து சித்தப்பாவும் வந்தார். பூசை முடிந்து வெளியே செருப்பைத் தேடும்போது மாமி மறுபடி தொடங்கினார்: "என்ன இருந்தாலும், கடைசியா ஓம் எண்டு சொன்னவர்தானே?"

சித்தப்பா ஒரு காலில் செருப்போடு திரும்பிப் பார்த்தார்: "சொல்ல வைச்சது ஆர்?"