கைல வந்து மாட்டின க்ளாரினெட்

நேயர்களுக்கு வணக்கம். க்ளாரினெட்டுங்கற ஊதுகுழலை வாசிக்கிற யாரைப் பார்த்தாலும் நான் முதல்ல கேக்கற கேள்வி, "இதுக்கு எப்படிங்க வந்தீங்க?" அப்படிங்கறதுதான். வயலின்காரங்கள கேட்டா சின்ன வயசுலேர்ந்தே ஆசைம்பாங்க. க்ளாரினெட்காரங்க லேசா சிரிச்சுட்டு, "ட்ரம்பெட்தான் கேட்டேன், தீந்துபோச்சுன்னுட்டாங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. இல்லன்னா சாக்ஸபோன் மேல ஆசை, முதல்ல இதைக் கத்துக்கோன்னு மாஸ்டர் சொல்லிட்டார். இல்லன்னா அண்ணன் விட்டுட்டுப் போன பெட்டி வீட்ல சும்மா கிடந்துச்சு. தேடிப் போனவங்க கம்மி, கைல வந்து மாட்டினவங்கதான் ஜாஸ்தி.

ஜாஸ் க்ளாரினெட்காரர் பென்னி குட்மேன் கதையே அதுதானே. சிகாகோவுல ஏழைக் குடும்பம், அப்பா மூணு பசங்களை ஒரு யூதக் கோயில்ல நடந்த பேண்டு வகுப்புக்குக் கூட்டிட்டுப் போறார். பெரியவனுக்கு ட்யூபாங்கற பெரிய ஊதுகொம்பு, அடுத்தவனுக்கு ட்ரம்பெட், பென்னிதான் மூணு பேர்ல பொடியன், அவனுக்குத் தூக்க முடிஞ்சது க்ளாரினெட், அவ்வளவுதான் காரணம். அந்தப் பொடியன்தான் 1938-ல நியூயார்க் கார்னெகி ஹால்ல ஜாஸ் வாசிச்சு சபையை ஆட வச்சவர்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் ரிச்சர்ட் ம்யூல்ஃபெல்ட். இவரைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன், ஸ்டுடியோவுல எச்சரிச்சுத்தான் உள்ள விட்டிருக்காங்க. ஜெர்மனியில மைனிங்கன்னு ஒரு சின்ன சமஸ்தானம், அங்க அரண்மனை ஆர்கெஸ்ட்ராவுல 1873-ல இவர் சேந்தது வயலின் வாசிக்க. வயலின்! அங்க இருந்துக்கிட்டே க்ளாரினெட்டைத் தானாவே பழகி, கொஞ்ச வருஷத்துல அதே ஆர்கெஸ்ட்ராவுக்கு முதல் க்ளாரினெட்காரர் ஆயிட்டார். இங்கதான் கதையே. ப்ராம்ஸ், அவ்வளவு பெரிய இசையமைப்பாளர், எழுதினது போதும்னு பேனாவை மூடி வைக்கிற மனநிலையில இருந்தவர், 1891-ல மைனிங்கனுக்கு வந்து இவர் வாசிப்பைக் கேக்கறார். அந்தக் கோடைக்குள்ளயே மூணு பேர் வாசிக்கிற ஒரு ட்ரையோ, அஞ்சு பேர் வாசிக்கிற ஒரு க்வின்டெட், ரெண்டும் க்ளாரினெட்டுக்காக எழுதி முடிச்சுட்டார், 1894-ல பியானோவோட சேந்து வாசிக்கிற இன்னும் ரெண்டு சொனாட்டா. அந்த க்வின்டெட்டை ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்க, நான் சொல்றது புரியும். வயலினோட திருப்தியா இருந்திருந்தார்னா இதுல ஒண்ணுகூட நமக்குக் கிடைச்சிருக்காது.

ஏன் இப்படி, எங்கேர்ந்தோதான் எல்லாரும் வராங்க? வாத்தியமே அப்படி வந்ததுதான். அதுக்கு முன்னாடி ஷாலுமோன்னு ஒரு குழல், கீழ் ஸ்தாயியில மட்டும் இனிமையாப் பேசும், மேல ஏறாது. 1700 வாக்குல ந்யூரம்பர்க்ல டென்னர்னு ஒரு குழல் செய்யறவர் கட்டைவிரலுக்கு ஒரு சாவி, அதாவது துளையைத் திறந்து மூடற சின்ன நெம்புகோல் வச்சு அதை மேல ஏத்தினார்னு சொல்றாங்க. சரி, வாத்தியம் வந்தாச்சு, வாசிக்க ஆள்? ஆர்கெஸ்ட்ராவுல ஓபோங்கற இன்னொரு குழல் வாசிச்சுட்டிருந்தவங்களேதான் தேவைப்பட்டப்ப இதையும் கையில எடுத்தாங்க. ஆக, முதல் ஆட்களே இரவல் ஆட்கள்.

இந்தச் சாவி செய்யற வேலை இருக்கே, புதுசா பழகறவங்களை அழ வைக்கிறது அதுதான். புல்லாங்குழல்ல அதே விரல் வச்சு கொஞ்சம் அழுத்தி ஊதினா அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில வரும். க்ளாரினெட்ல வராது, எட்டு ஸ்வரம் தாண்ட வேண்டிய இடத்துல பன்னெண்டு தாண்டிடும். கீழ ஸ வந்த விரலுக்கு மேல ப வரும். அதனால கீழ ஒரு விரல் கணக்கு, மேல வேற கணக்கு, நடுவுல தாண்டற இடத்துல ஒரே கீச்சு. கீச்சுக்குப் பாதி காரணம் விரல்தான். வாசிச்சதும் விரல் நுனியைத் திருப்பிப் பாருங்க, துளையோட வட்டம் முழுசா பதிஞ்சிருக்கணும். பிறை மாதிரி பாதி பதிஞ்சிருந்தா காத்து அந்தப் பக்கமா ஓடுதுன்னு அர்த்தம். முதல் நாளே மொத்தக் குழலையும் மாட்டாதீங்க, வாயில வச்சு ஊதற மவுத்பீஸும் அடுத்த துண்டும் போதும். மவுத்பீஸ்ல மாட்டற நாணல் பட்டையான ரீடை வாயில வச்சு ஈரமாக்கி, கீழ் உதட்டை லேசா பல்லு மேல மடிச்சு வச்சு ஊதுங்க. அந்த ரெண்டு துண்டுல ஒரே ஸ்வரம் ஆடாம அசையாம நிக்கட்டும், மத்ததெல்லாம் அப்புறம்.

அட, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க. நம்ம சங்கீதத்துக்கு இது வந்த கதையைக் கடைசிக்குன்னு வச்சிருந்தேன், ஒரு வரிதான் சொல்ல முடியும். 19-ஆம் நூற்றாண்டுல சதிர்ல, அதாவது பரதநாட்டியத்தோட பழைய வடிவத்துல, பக்கவாத்தியமா உள்ள நுழைஞ்சதை கச்சேரி மேடையில நடுநாயகமா உட்கார வச்சவர் ஏ.கே.சி. நடராஜன், அவர் நாகஸ்வரமும் பழகினவர், அந்த கமகமெல்லாம் எப்படி... சரி சரி, முடிச்சுக்கறேன். வணக்கம்.