குழந்தைகள் பிரிவில் ஒரு பிரெய்ல் அடுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். 2010 செப்டம்பரில் திறந்த நூலகம். உள்ளே நுழைந்தால் தரைத்தளத்திலேயே பிரெய்ல் பிரிவு, அதாவது விரலால் தொட்டு வாசிக்கும் புள்ளி எழுத்துப் புத்தகங்களுக்கான பிரிவு. பார்வையில்லாதவர்கள் மாடி ஏறி அலைய வேண்டாம் என்று யோசித்து வைத்த இடம் அது. முதல் தளத்தில் குழந்தைகள் பிரிவு. அங்கே மரம் ஒன்றையே செய்து நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்ததும் ஓடுவார்கள். மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று தனிப் பிரிவு உண்டு. கல்லூரி மாணவர்களுக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இப்படிப்பட்ட பிரிவுகள் எவ்வளவு உதவி என்பதை அங்கே படித்து வேலைக்குப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அக்கா, தம்பி. அக்காவுக்குப் பார்வை உண்டு, தம்பிக்கு இல்லை. இருவரையும் அம்மா நூலகத்துக்குக் கூட்டிப் போகிறார். அக்கா மாடிக்குப் போக வேண்டும், தம்பி கீழே இருக்க வேண்டும். அம்மா யாரோடு போவார்? வீட்டில் ஒரே பாயில் படுத்துக் கதை கேட்கும் பிள்ளைகள் நூலகத்தில் பிரிந்துவிடுகிறார்கள். எந்த நூலகத்தையும் நான் குறை சொல்லவில்லை. பிரெய்ல் என்றாலே தனி அறை, தனி அலமாரி, அதில் பாடநூலும் தேர்வுக்கான புத்தகங்களும் என்று நாம் எல்லோருமே பழகிவிட்டோம். பிரெய்ல் கதைப் புத்தகம் குழந்தைகள் பிரிவுக்குள்ளேயே, மற்ற கதைப் புத்தகங்களுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மாநகர நூலகத்தில் மட்டும் இருந்தால் போதாது, கிளை நூலகத்திலும் இருக்க வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியராக நான் கேட்பது இதைத்தான்.

இதைச் சொன்னால் பெற்றோரே என்னிடம் கேட்பார்கள்: "டீச்சர், இவனுக்குப் புத்தகம் வாங்கி என்ன பண்றது? போன்லயே கதை போட்டுக் குடுத்துடறேனே." நியாயமான கேள்விதான். இன்றைக்கு ஆண்ட்ராய்டு போனில் திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் டாக்பேக் இருக்கிறது, கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளைக் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம், இரண்டும் தமிழ் படிக்கும். நானே பிள்ளைகளுக்கு அதைப் பழக்குகிறேன். ஆனால் காதால் மட்டும் வளர்ந்த பிள்ளை எழுத உட்காரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்.

கதையை முதலிலிருந்து கடைசிவரை குரல் மாற்றி மாற்றிச் சொல்லும் பிள்ளை, 'அறம்' என்று சொல்லி எழுதச் சொன்னால் 'அரம்' என்று எழுதும். அது பிள்ளையின் தப்பே இல்லை. ரகரத்தையும் றகரத்தையும் நம்மில் பெரும்பாலோர் பேச்சில் பிரித்துச் சொல்வதில்லை. ந, ன இரண்டும் காதுக்கு ஒன்றுதான். பல ஊர்களில் ல, ள, ழ மூன்றுமே ஒன்றாகிவிட்டன. பார்க்கிற பிள்ளைக்கு இந்த வேறுபாடு கண் வழியாகப் போய் மனதில் தங்குகிறது. பார்வையில்லாத பிள்ளைக்கு அது விரல் வழியாகத்தான் போக முடியும். பிரெய்லில் ர என்றால் நான்கு புள்ளி, ற என்றால் ஐந்து புள்ளி. விரலை வைத்தால் இரண்டும் வேறு வேறு என்று தெரிந்துவிடும். ந, ன, ண மூன்றுக்கும் மூன்று வடிவம். கேட்பது கதையைத் தரும். எழுத்தைத் தருவது வாசிப்புதான். ஆகவே பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பார்வையுள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான எழுத்துகளைப் பார்த்துவிடுகிறது. பஸ் போர்டு, கடைப் பெயர்ப் பலகை, பிஸ்கட் பாக்கெட், சுவர் விளம்பரம், அப்பா விரிக்கும் நாளிதழ் என்று யாரும் சொல்லித்தராமலே எழுத்து கண்ணில் விழுந்துகொண்டே இருக்கிறது. பார்வையில்லாத பிள்ளைக்கு யாராவது கொண்டுவந்து கையில் வைக்கும்வரை எழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆறு வயதில் பள்ளியில்தான் முதல் புள்ளியைத் தொடுகிறது என்றால், மற்ற பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் பின்னால் நிற்கிறது என்று பொருள். அந்த ஆண்டுகளை ஈடுகட்டும் இடம் நூலகம்தான். வீட்டில் எல்லோராலும் பிரெய்ல் புத்தகம் வாங்க முடியாது.

சரி, எப்படிப்பட்ட புத்தகம்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பணம் இருந்தும் பலர் தவறும் இடம் இது.

கடையில் கிடைக்கும் சாதாரணப் படக்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு இரண்டு வரி இருந்தால் நல்லது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் அந்த வரிகளைப் பிரெய்லில் குத்தி, அச்சு வரிக்குக் கீழே ஒட்டிவிட வேண்டும். புள்ளி குத்துவதற்கான கட்டங்கள் உள்ள பிரெய்ல் ஸ்லேட்டும் ஊசியும் இருந்தால் போதும். ஸ்லேட்டில் எழுதும்போது வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாக வந்து இடமிருந்து வலமாக வாசிக்கலாம். இப்படிச் செய்த புத்தகத்தை, பிரெய்லே தெரியாத அம்மாவும் பார்வையில்லாத மகனும் ஒரே நேரத்தில் வாசிக்கலாம். அம்மா கண்ணால் பார்க்கிறார், மகன் விரலால் தொடுகிறான். பார்வையில்லாத அப்பா, பார்வையுள்ள மகள் என்ற வீட்டிலும் அதே புத்தகம் உதவும். அக்கா, தம்பி சேர்ந்தும் படிக்கலாம்.

படத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் தவறு நடக்கிறது. யானைப் படத்தின் கோட்டின் மேல் கயிற்றை ஒட்டி 'இதுதான் யானை' என்று கையில் கொடுக்கிறோம். தூரத்திலிருந்து கண்ணால் பார்த்தால்தான் அந்தக் கோடு யானை. விரலுக்கு அது வளைந்து கிடக்கும் கயிறு. பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பஸ் என்றால் நீளமான பெட்டி, கீழே சக்கரங்கள். பார்வையில்லாத பிள்ளைக்குப் பஸ் என்றால் உயரமான படி, சில்லென்ற கம்பி, வெயிலில் சுடும் ரெக்சின் சீட், கண்டக்டர் விசில், கையில் கசங்கும் டிக்கெட். அந்தப் பிள்ளைக்கான பஸ் பக்கத்தில் ஒரு சிறு உலோகக் கம்பியும் ரெக்சின் துண்டும் உண்மையான டிக்கெட்டும் இருக்க வேண்டும். அம்மாவின் புடவை என்று கதையில் வந்தால் புடவைத் துணியையே ஒட்டுங்கள். ஆற்று மணலுக்கு உப்புத்தாள், மேகத்துக்குப் பஞ்சு என்பதில் மேகம் மட்டும் நம் கற்பனை. மேகத்தை யாரும் தொட்டதில்லையே. அதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டே ஒட்டலாம்.

கண்ணுக்கானதை அப்படியே விரலுக்குக் கொடுக்கும் இந்தப் பழக்கம் பழையது. பாரிஸில் வாலந்தீன் ஆயுய் என்பவர் பார்வையில்லாதவர்களுக்குப் பள்ளி தொடங்கியபோது, அச்சு எழுத்தையே மேடாக்கித்தான் புத்தகம் செய்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும், படிப்பது மெதுவாகத்தான் நடக்கும், எழுதவோ வழியே இல்லை. அந்தப் பள்ளிக்கு 1819-இல் பத்து வயதில் வந்து சேர்ந்த மாணவர்தான் லூயி பிரெய்ல். 1824-இல், பதினைந்து வயதில், ஆறு புள்ளி முறைக்கு வடிவம் கொடுத்தார். விரல்நுனிக்குள் ஓர் எழுத்து அடங்கிவிட்டது. 1852-இல் அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்துத்தான் அவர் படித்த பள்ளியே அந்த முறையை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. நம் நாட்டு மொழிகளுக்கு எல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல் வந்தது. அதில் தமிழ் எழுதுவது அழகாக இருக்கும். அச்சில் 'கொ' எழுத ககரத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால் போடுகிறோம். பிரெய்லில் க, அப்புறம் ஒ, அவ்வளவுதான். வாயில் வரும் வரிசையிலேயே கையிலும் வருகிறது.

முற்றிலும் பார்வையில்லாத பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பார்வை உள்ள பிள்ளைகளும் நிறைய இருக்கிறார்கள். வகுப்பில் 'கவனமில்லாதவள்', 'மக்கு' என்று பெயர் வாங்குவது பெரும்பாலும் இவர்கள்தான். தமிழ் எழுத்து இவர்களுக்குத் தனியாகத் தொல்லை தருகிறது. 'கிரி'க்கும் 'கீரி'க்கும் நடுவே இருப்பது ஒரு சின்னச் சுழி. மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும். கணினியில் பதினெட்டு பாயிண்ட் அளவுக்குக் குறையாத பெரிய எழுத்து, பளபளக்காத தாள், வெள்ளைத் தாளில் நல்ல கறுப்பு மை, தோளுக்குப் பின்னாலிருந்து விழும் வெளிச்சம், புத்தகத்தைச் சாய்த்து வைக்க ஒரு சாய்பலகை, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. கிளை நூலகத்துக்கு இது பெரிய செலவு இல்லை. பதிப்பாளர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: வண்ணப் படத்தின் மேலேயே கதை வரிகளை அச்சடிக்காதீர்கள். எழுத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை விடுங்கள்.

பதிப்பாளர்கள் என்றதும் கோப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தட்டிய தமிழ்க் கோப்பு கையில் இருந்தால் அதை மென்பொருளே பிரெய்லாக மாற்றிக் கொடுக்கும், திரைவாசிப்பானும் படிக்கும். ஆனால் பழைய எழுத்துருக்களில் தட்டிய புத்தகங்கள் இன்னும் ஏராளம். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று இருக்கிறது என்று வையுங்கள். திரையில் அம்மாதான் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் "எம், கே, கே, எச்" என்று படிக்கும். கதை கேட்க உட்கார்ந்த பிள்ளைக்கு இதுதான் கிடைக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தன் தரமாக அறிவித்துவிட்டது. பதிப்பகங்களும் பழைய கோப்புகளை மாற்றி வைத்தால், பிரெய்ல் ஆக்குகிறவர்களுக்கு மறுபடி தட்டச்சு செய்யும் வேலை மிச்சம்.

"பதிப்புரிமை இருக்குமே, மாற்றலாமா?" என்று நூலகர்கள் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, மாற்றுத்திறனாளிகள் வாசிக்கக்கூடிய வடிவத்தில் ஒரு நூலைப் படியெடுக்க உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டார்கள். லாபம் பார்க்கக் கூடாது, தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம், படிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் போக வேண்டும். 2013-இல் மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் இதற்கென்றே உலக அளவில் ஓர் ஒப்பந்தம் உருவானது. 2014 ஜூனில் அதற்கு முதன்முதலில் ஏற்புறுதி கொடுத்த நாடு இந்தியா. 2016-இல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகமும் வந்தது. இந்திய டெய்சி மன்றம் மத்திய அரசோடும் டிசிஎஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து உருவாக்கியது. பார்வைக் குறைபாட்டுக்கான சான்றோடு பதிவு செய்துகொண்டால் பல மொழிப் புத்தகங்களை இறக்கிக்கொள்ளலாம். தமிழும் உண்டு. தமிழில் சிறுவர் நூல்கள் இன்னும் நிறையச் சேர வேண்டும், அதுதான் என் ஆதங்கம். டெய்சி என்ற பேசும் நூல் வடிவில் இருந்தால் பிள்ளை அத்தியாயம் அத்தியாயமாகத் தாவலாம், விட்ட பக்கத்துக்கே திரும்பலாம்.

அஞ்சலையும் மறந்துவிடக் கூடாது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் நூல் பொட்டலத்துக்கு நம் அஞ்சல் துறை ஏழு கிலோ வரை கட்டணம் வாங்குவதில்லை. அச்சில் மெலிதாக இருக்கும் கதைப் புத்தகம் பிரெய்லில் இரண்டு மூன்று மடங்கு தடிமனாகும், ஆகவே இந்தச் சலுகை பெரிது. மாவட்ட மைய நூலகத்தில் இருக்கும் புத்தகம் மலைக்கிராமத்துப் பிள்ளையின் வீட்டுக்குச் செலவில்லாமல் போய்வரலாம். ஒன்றே ஒன்று, பிரெய்ல் புத்தகத்தைப் படுக்க வைத்து மேலே மேலே அடுக்காதீர்கள். புள்ளி மழுங்கிவிடும். நிற்க வைக்க வேண்டும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. பார்வையில்லாத பிள்ளையைப் பெற்றவர்களும் அதைக் கட்டத்தான் செய்கிறார்கள். ஆகவே கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பெற்றோர்களே, பிள்ளையை உங்கள் கிளை நூலகத்துக்குக் கூட்டிப் போய், பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். பரிந்துரைப் பதிவேட்டில் 'பிரெய்ல் சிறுவர் கதைகள், பெரிய எழுத்து நூல்கள் வேண்டும்' என்று பிள்ளையின் பெயர், வயதோடு எழுதி வையுங்கள். கேட்ட ஆள் இருப்பது பதிவில் இருந்தால்தான், நூலகர் மேலிடத்துக்கு எழுதும்போது அவர் பேச்சு எடுபடும். வாசகர் வட்ட நண்பர்களே, கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, நான் சொன்ன மாதிரி ஒரு புத்தகம் செய்து பாருங்கள். உங்கள் வட்டாரத்துச் சிறப்பாசிரியரை வட்டார வள மையத்தில் கேட்டால் தெரியும். புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று அவர் பார்த்துத் தருவார். செய்து முடித்ததும் அதைக் குழந்தைகள் பிரிவில், ஒரு பிள்ளையின் கைக்கு எட்டும் அடுக்கில் வையுங்கள்.

நன்றி, வணக்கம்.