டர்போ எரிவாயு இன்ஜினும் காற்றின் சூடும்

நேயர்களுக்கு வணக்கம். எரிவாயு ஜெனரேட்டர்களைப் பழுதுபார்ப்பதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், டர்போ, அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் கருவி, பொருத்திய எரிவாயு இன்ஜின்களில் ஏற்படும் நாக்கிங் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ, சிலிண்டருக்குள் படிப்படியாகப் பரவ வேண்டும். அப்படிப் பரவும்போது, ஓரத்தில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை நெருக்கப்பட்டுச் சூடேறுகிறது. தீ வந்து தொடுவதற்கு முன்பே அது தானாகப் பற்றிக்கொண்டால், அழுத்த அலைகள் எழுந்து சிலிண்டர் சுவரில் மோதுகின்றன. இதைத்தான் நாக்கிங் என்கிறோம். வெளியே கேட்கும் கணகணவென்ற ஓசை அதுதான். பிஸ்டன் தலையில் படிந்து நின்று அதைச் சூட்டிலிருந்து காக்கும் மெல்லிய வாயுப் படலத்தை அந்த அலைகள் துடைத்தெறிந்துவிடும். அடிபட்ட பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் விளிம்பு கரையான் அரித்ததுபோல் இருக்கும். ரிங்குகளுக்கு இடையிலுள்ள மேடு உடைந்தும் போயிருக்கும்.

எரிவாயு நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதை மீத்தேன் எண் என்ற அளவால் சொல்கிறோம். சுத்தமான மீத்தேனுக்கு 100, ஹைட்ரஜனுக்கு 0. புரொப்பேனுக்குச் சுமார் 34, பியூட்டேனுக்குச் சுமார் 10 மட்டுமே. ஆகவே நாக்கிங் என்றதும் பலரும் எரிவாயுவின் தரத்தையே குறை சொல்கிறார்கள். டர்போ உள்ள இன்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது காற்றின் சூட்டைத்தான் என்பது என் உறுதியான கருத்து. 30 டிகிரியில் உள்ள காற்றை டர்போ இருமடங்கு அழுத்தத்துக்கு ஏற்றும்போது, அது ஏறத்தாழ 120 டிகிரிக்குச் சூடாகிவிடுகிறது. பெட்ரோல் துளிகள் ஆவியாகும்போது கலவையின் சூட்டைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஏற்கெனவே வாயுவாக வரும் எரிபொருளிடம் அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது. சூட்டைத் தணிக்கும் சுமை முழுவதும், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் மேல்தான் விழுகிறது.

சேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில், மரவள்ளிக் கழிவுநீரிலிருந்து கிடைக்கும் சாண எரிவாயு போன்ற வாயுவில் ஓடிய ஜெனரேட்டர் ஒன்று, சித்திரை வெயிலில் முக்கால் லோடு ஏறியதுமே நாக் அடித்தது. அந்த வாயுவில் மீத்தேனோடு கார்பன் டை ஆக்சைடும் கணிசமாகக் கலந்திருப்பதால், அது சுத்த மீத்தேனைவிடவும் நாக்கிங்கை நன்றாகத் தாங்கக்கூடியது. அப்படியிருந்தும் வாயுவில்தான் கோளாறு என்றார்கள். நானும் முதலில் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும் நேரத்தை, மூன்று டிகிரி பின்னுக்குத் தள்ளினேன். ஓசை அடங்கியது, ஆனால் புகைக்குழாயின் சூடு ஏறிக்கொண்டே போனது. அது தவறான வைத்தியம் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. மறுநாள் இன்டர்கூலரிலிருந்து வெளிவரும் காற்றை அளந்தபோது 78 டிகிரி காட்டியது. கழற்றிப் பார்த்தோம். காற்றைக் குளிர்விக்க ஓடும் போர்வெல் தண்ணீரின் உப்பு, இன்டர்கூலர் குழாய்களுக்குள் விரல் நகத்தின் கனத்துக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைச் சுத்தம் செய்து மாட்டிய பின் காற்று 50 டிகிரிக்கு இறங்கியது. டைமிங்கைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தும் முழு லோடில் ஓசை எழவில்லை.

இன்றைய இன்ஜின்களில் நாக் சென்சார் இருக்கிறது. அது அதிர்வை உணர்ந்ததும் கட்டுப்பாட்டுக் கருவி டைமிங்கைத் தானே தாமதப்படுத்திவிடுவதால், காதுக்கு எதுவும் கேட்பதில்லை. எரிவாயுச் செலவு கூடுவதும் புகைக்குழாய் சூடேறுவதும்தான் மிச்சம். அதனால்தான் நான் போகும் ஆலைகளிலெல்லாம், ஆபரேட்டர் மணிக்கு ஒருமுறை எழுதும் பதிவேட்டில் லோடுக்குப் பக்கத்திலேயே இன்டர்கூலருக்குப் பிந்தைய காற்றின் சூட்டுக்கும் ஒரு கட்டம் போடச் சொல்கிறேன். அதே லோடில், அதே வெயிலில் அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறினால், ஓசைக்காகக் காத்திராமல் இன்டர்கூலரைக் கழற்றிவிடலாம்.

வணக்கம்.