60 டாலர் பார்க்கிங், 600 கோடி கோச்!

வணக்கம் மக்களே! கேமரா ஆடுச்சுன்னா கண்டுக்காதீங்க, கோவத்துல கை நடுங்குது.

நேத்து இங்க அமெரிக்காவுல காலேஜ் ஃபுட்பால் மேட்சுக்குப் போனோம். நம்ம ஊரு கால்பந்து இல்லீங்க, ஹெல்மெட் போட்டு மோதிக்கிற அமெரிக்கன் ஃபுட்பால். எந்தக் காலேஜ்னு சொல்ல மாட்டேன், நம்ம வீட்டுக்காரருக்குப் பொழப்பே அங்கதான். பார்க்கிங் எவ்வளவு தெரியுமா? 60 டாலர்! அதுவும் வெறும் புல்லுத் தரை. ஒரு கோடு கூடப் போடல. முந்தின நாள் பேஞ்ச மழையில கணுக்கால் வரைக்கும் சேறு. கிரைண்டர் வீடியோ பாத்தவங்களுக்கு என்னைப் பத்தித் தெரியும், 5 டாலர் தள்ளுபடிக்கு மூணு கடை ஏறி இறங்கினவ. 60 டாலருக்கு அந்தச் சேத்துல நாத்தே நட்டிருப்பேன்!

இந்தக் காசெல்லாம் எங்கதான் போகுதுன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து தோண்டினேன். தலை சுத்திருச்சு.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் யூனிவர்சிட்டில ஜிம்போ ஃபிஷர்னு ஒரு ஃபுட்பால் கோச். 2023 நவம்பர்ல வேலைய விட்டுத் தூக்கினாங்க. அக்ரிமென்ட் முடியறதுக்கு முன்னாடியே தூக்கினதுக்கு அவருக்குக் குடுக்க வேண்டியது 7 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல! நம்ம ரூபாய்ல 600 கோடியத் தாண்டும். 60 நாளுக்குள்ள 1 கோடியே 92 லட்சம் டாலர், அப்புறம் 2031 வரைக்கும் வருஷா வருஷம் 72 லட்சம். அவர் வேற எடத்துல வேலைக்குச் சேந்தாலும் இதுல ஒரு பைசா கழிக்க முடியாது. அந்த அக்ரிமென்ட் போட்ட வக்கீல் எனக்கு உடனே வேணும்.

இதப் பாத்தும் திருந்தினாங்களா? 2025 அக்டோபர்ல லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டில (எல்.எஸ்.யூ.) பிரையன் கெல்லிங்கிற கோச்சை சீசன் நடுவுலயே அனுப்பிச்சாங்க. அங்க பாக்கி சுமார் 5 கோடியே 40 லட்சம் டாலர்.

சரி, மண்டைய மோதி விளையாடுற பசங்களுக்கு? காலேஜ் விளையாட்டுப் பசங்க போட்ட ‘ஹவுஸ்’னு ஒரு வழக்குல 2025 ஜூன்ல வந்த சமரசத்துக்கு அப்புறம்தான் காலேஜே நேரடியாப் பணம் குடுக்கலாம்னு ஆச்சு. 2025-26க்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ஒருத்தருக்கு இல்லீங்க, ஒரு காலேஜோட எல்லா விளையாட்டுப் பசங்களுக்கும் சேத்து! அப்ப ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பின காசுல மூணரை வருஷத்துக்கு மேல அத்தனை பேருக்கும் படியளக்கலாம். கணக்கு தப்புன்னா கமெண்ட்ல திட்டுங்க.

படிப்பா? அதுக்கு ஏ.பி.ஆர்.னு ஒரு மார்க். பையன் படிப்ப விடாம இருந்தா ஒரு பாயிண்ட், ஆடுற அளவுக்குப் பாஸ் மார்க் வச்சிருந்தா இன்னொண்ணு. டீமுக்கு 1000க்கு 930 வரலைன்னா சீசன் கடைசி பவுல் மேட்ச் கிடையாது. இது ஒண்ணுதான் எனக்குப் புடிச்சிருக்கு. கோச்சுங்களுக்கும் இப்படி ஒரு மார்க் போடுங்கப்பா!

அய்யோ, முறுக்கு கதைய விட்டுட்டேன் பாருங்க! கேட்டுல வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டோம்னுட்டாங்க. குப்பையில போடச் சொன்னாங்க. நானா போடுவேன்? திரும்பக் காருக்கே நடந்து, அந்த 60 டாலர் சேத்துல நின்னு ரெண்டு பேரும் ஒரு டப்பாவயும் காலி பண்ணிட்டுத்தான் உள்ள போனோம். ஃபர்ஸ்ட் குவார்ட்டர் முடிஞ்சே போச்சு.