பெட்டிக்குள் தண்ணீர் வந்த வழி

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்துப் பெய்துவிட்டால் போதும், எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் செய்கிறவர்களின் போன் ஓயாது. மொட்டை மாடியில் மாட்டிய டேங்க் கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்த மறுக்கிறது, கேட் தானாகத் திறக்கிறது, தெருமுனைக் கேமராவில் படம் இல்லை. போய்ப் பெட்டியைத் திறந்தால் அடியில் இரண்டு ஸ்பூன் தண்ணீர். ஓட்டை எதுவும் இல்லை, மூடி ஓரத்தை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டும் கிழியவில்லை. தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐபி 65 என்ற தரக்குறியும் மூடியில் அச்சடித்திருக்கிறது. அப்புறம் தண்ணீர் எப்படி உள்ளே போனது?

பெட்டியே உறிஞ்சிக்கொண்டது. வெயிலில் நிற்கும் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் காற்று 65 டிகிரி வரை சூடாகலாம். சூடான காற்று விரிந்து, கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் வழியே கொஞ்சம் வெளியேறிவிடும். மூன்று மணிக்குத் திடீரென்று மழை கொட்டுகிறது. பெட்டி மளமளவென்று 25 டிகிரிக்கு இறங்குகிறது. இப்போது உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 12 சதவீதம் குறைவு. ஒரு மீட்டருக்கும் மேல் உயரமான தண்ணீர் மேலே நின்று அழுத்துவதும் இதுவும் ஒன்றுதான். கேஸ்கெட் ஓரத்தில் தேங்கிய மழைநீருக்கு இதைவிட என்ன அழைப்பு வேண்டும்? கொதிக்கிற ரசத்தை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி இறுக மூடி, ஆறிய பிறகு திறந்து பாருங்கள். மூடி வராது. அதே இழுப்புதான்.

அப்படியானால் ஐபி 65 பொய்யா? இல்லை. முதல் இலக்கமான 6, தூசி அறவே புகாது என்பதற்கு. இரண்டாவது இலக்கமான 5, பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு. 6.3 மில்லிமீட்டர் துளையுள்ள குழாயால், நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம், இரண்டரை மூன்று மீட்டர் தள்ளி நின்று, குறைந்தது மூன்று நிமிடம் பீய்ச்சுவார்கள். ஆனால் தண்ணீருக்கும் பெட்டிக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் அந்தச் சோதனையின் விதி. எல்லா ஆய்வகத்திலும் ஒரே முடிவு வர வேண்டுமே, அதனால் இந்த விதியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர் மழைக்கு அந்த விதி தெரியாது.

சிலர் உடனே ஐபி 67 பெட்டிக்குத் தாவுவார்கள். அது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வைத்துப் பார்க்கும் சோதனை. அதில் தேறிய பெட்டி பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்று அர்த்தமில்லை. இன்னொன்று, இறுக்கமாக மூட மூட உள்ளே வெற்றிடம் நீடிக்கும். எங்காவது ஒரு பலவீனமான இடம் கிடைக்கும்வரை பெட்டி இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியை மூச்சுவிட அனுமதியுங்கள் என்பதே என் கட்சி. பிடிஎஃப்இ (டெஃப்லான்) சவ்வு வைத்த சின்ன வென்ட், அதாவது காற்றுப்போக்கி ஒன்றைப் பக்கவாட்டிலோ அடியிலோ பொருத்தினால் காற்றும் ஈரப்பதமும் போய்வரும், தண்ணீர்த்துளி நுழையாது. அதற்குப் பதிலாக அடியில் ஒரு துளை போட்டு விடுகிறவர்களும் உண்டு. தண்ணீர் வடியும், சரி. எறும்பும் பல்லிக்குட்டியும் குடியேறும். டெர்மினலுக்குக் குறுக்கே படுத்த பல்லி பியூஸைப் பிடுங்கிய கதை எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் கிடைக்கும்.

வெப்பத்தைக் குறைத்தால் இந்த இழுப்பும் குறையும். வெளிர்நிறப் பெட்டி வாங்குங்கள். மேலே ஒரு தகடு, நடுவில் இரண்டு விரல் இடைவெளி, அவ்வளவுதான் நிழல். உள்ளிருக்கும் சூட்டையும் கணக்குப் போடுங்கள். 20க்கு 15க்கு 10 சென்டிமீட்டர் பெட்டி ஒன்று சுவரில் ஒட்டியிருக்கிறது, உள்ளே 10 வாட் வீணாகிறது என்றால், வெயிலே படாவிட்டாலும் உள்காற்று வெளியைவிட 18 டிகிரி வரை கூடும். கத்திரி வெயிலில் 42ஐத் தொட்டால் உள்ளே 60. போர்டில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

அடுத்து, ட்ரில் போடுகிற இடம். பெட்டி வாங்கும்போது ஐபி 65தான். நீங்கள் துளை போட்ட நிமிடத்திலிருந்து அதற்குப் பொறுப்பு நீங்கள். சென்னை ரிச்சி தெருவில் நல்ல கேபிள் கிளாண்ட், அதாவது ஒயர் நுழையும் துளையை ரப்பரால் இறுக்கி அடைக்கும் திருகு, கிடைக்கிறது. அதை வாங்கிவந்து, ஒரே வட்டத் துளையில் இரண்டு ஒயரைச் சேர்த்துத் திணிப்பதால் என்ன பயன்? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை எந்த ரப்பரும் அடைக்காது. ஒரு கிளாண்டுக்கு ஒரு உருண்டைக் கேபிள், அதுவும் பெட்டியின் அடிப்பக்கத்தில். கேபிள் உள்ளே நுழையுமுன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சிலிக்கான் பசை பூசுவதானால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம். காயும்போது அது விடும் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள்.

எண்ணூர், காசிமேடு, திருவான்மியூர்ப் பக்கம் என்றால் ஸ்க்ரூ 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், 304 உப்புக்காற்றில் கறைபடியும். சாதா ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயிலில் வெளுத்து விரிசல் விடும்.

பெட்டி தயாரிக்கிறவர்கள் சோதனைக்காக ஆய்வகத்துக்குப் போகுமுன் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியவை சில. பெட்டியின் விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, மூடியை வழக்கம்போல் ஸ்க்ரூ போட்டு மூடித் திறங்கள். கேஸ்கெட்டில் வெள்ளைக்கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே சீல் இல்லை. பெரும்பாலும் மூலையில்தான் அறுந்திருக்கும், அல்லது இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவே மூடி வளைந்த இடத்தில். அப்புறம் சூட்டுச் சோதனை. உள்ளே செய்தித்தாளை விரித்து மூடி, மதியம் வரை வெயிலில் வைத்துவிட்டு, குழாயால் தண்ணீர் பீய்ச்சுங்கள். நன்றாக ஆறும்வரை நனைத்துக்கொண்டே இருங்கள். வெளியே துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். தாளில் ஈரம் எங்கே பட்டிருக்கிறதோ அதுதான் வழி. போர்டை மாட்டிவிட்டு இதைச் செய்யாதீர்கள்.

தண்ணீர் மட்டுமல்ல, மற்ற கருவிகளைக் குழப்பும் மின்காந்த இரைச்சலும் பெட்டி வழியே கசியும். அதைச் சோதிக்கச் சென்னை தரமணியில் சமீர் என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. இரும்புப் பெட்டி என்றால் கதவும் சட்டமும் தொடும் இடத்தில் பவுடர் கோட்டிங் படாமல் மறைத்துவிடச் சொல்லுங்கள். பெயின்ட் நடுவில் இருந்தால் பெட்டி இரும்பாக இருந்தும் இரைச்சல் அந்த இடுக்கு வழியே கசியும்.

எந்த ஆய்வகமானாலும், பெட்டியை வார்க்கும் அச்சான மோல்டு வெட்டுவதற்கு முன்பே மாதிரிப் பெட்டியோடு போய்விடுங்கள். மோல்டைத் திருத்துவது பணத்தைக் கரைக்கும் வேலை. கொண்டுபோகும் பெட்டியில் கேபிள் மாட்டியிருக்க வேண்டும், கம்பெனியில் தினமும் மூடுகிற பையனே மூடியிருக்க வேண்டும். முதலாளி ஒருநாள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து மூடிய பெட்டி வேண்டாம். நன்றி, வணக்கம்.