உருக்குவதற்கு முன் ஒரு படம்

(திருகோணமலையில் நடந்த மரபுரிமைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் வந்திருக்கும் கலாசார உத்தியோகத்தர் அவர்களே, ஆலய அறங்காவலர் சபைப் பெரியோர்களே, எனக்குப் படிப்பித்தவர்களில் இன்றும் முன்வரிசையில் வந்து அமர்ந்து என் தமிழில் பிழை பிடிக்கக் காத்திருக்கும் ஐயா அவர்களே, நகைக்கடை உரிமையாளர்களே! உங்களைப் பின்னால் அழைத்ததைக் குறையாக எண்ண வேண்டாம். இன்றைக்குச் சண்டையே உங்களோடுதான். தாய்மாரே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். "பொன் வைக்கிற இடத்தில் பூவை வை" என்பது எங்கள் வீட்டில் நித்தம் கேட்ட பழமொழி. ஒரு பூமாலை போதும் என்று செயலாளரிடம் எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. அவருக்கும் நன்றி. தலைவர் என்னை ஆராய்ச்சியாளர் என்றார். நான் பழைய நகை தேடித் திரிகிறவன், அவ்வளவுதான்.

மூன்று விடயம் பேசப் போகிறேன். 19ஆம் நூற்றாண்டில் நகையின் பாணி எப்படி மாறியது, பழையது எது போலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, வீட்டில் எப்படிப் பேணுவது.

இந்த ஊரில் அந்தக் காலத்து நகை இரண்டு வழியாக வந்து சேர்ந்தது. ஒன்று நம்முடைய தட்டாரின் கைவேலை. சிவப்புக்கல் அட்டியல், பதக்கம், கொப்பு, தோடு, தாலிக்கொடி. மற்றது கப்பலில் வந்தது. 1795 இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். 1957 இல்தான் கடற்படைத் தளத்தை நம்மிடம் ஒப்படைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் எத்தனை துரைமார், எத்தனை துரைசானிமார்! அவர்கள் கழற்றிக் கொடுத்ததும், விற்றதும், அடகு வைத்து மீட்காமல் போனதும் இங்கேதான் கிடக்கின்றன.

சீமை நகையின் போக்கை அரசி விக்டோரியாவை வைத்தே சொல்லிவிடலாம். அவருக்கு அல்பேர்ட் கொடுத்த நிச்சயதார்த்த மோதிரம் மரகதம் பதித்த பாம்பு வடிவம். உடனே நாடு முழுவதும் பாம்பு மோதிரம், பாம்புக் காப்பு. நம் பெண்கள் அதற்கு முன்னரே நாகொத்து என்னும் பாம்பு வடிவத் தோள்நகை கட்டியவர்கள் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். 1861 டிசம்பரில் அல்பேர்ட் இறந்தார். அரசி சாகும்வரை துக்க உடையிலேயே இருந்தார். நகையும் கறுத்தது. இங்கிலாந்தின் விற்பி என்ற கடலோர ஊரில் எடுத்த ஜெட் என்னும் கறுப்புக் கல், உண்மையில் அது மண்ணுக்குள் கரியாகிப்போன மரம், கழுத்திலும் காதிலும் ஏறியது. இறந்தவரின் தலைமுடியைக் கண்ணாடிக்குள் பின்னி வைத்த புரூச்சுகள், அதாவது உடையில் குத்தும் ஊசிப் பதக்கங்கள், வந்தன. 1867 இல் தென்னாபிரிக்காவில் வைரம் கிடைத்தது, பிறகு வைரமே வைரம். கூந்தல் காதை மூடிய காலத்தில் தோடு சிறுத்தது, கூந்தலைத் தூக்கி முடித்ததும் தொங்கல் நீண்டது. நமது வைடூரியத்துக்கும் ஒரு யோகம் அடித்தது. 1879 இல் மணமுடித்த அரசியின் மகன் கனோட் கோமகன் மணப்பெண்ணுக்கு வைடூரிய மோதிரம் போட்டாராம். அதோடு அந்தக் கல்லின் விலை ஏறியது.

தலைமுடி புரூச் என்றேனே, அதில் ஒரு கதை இருக்கிறது. தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். இதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

தம்பலகாமத்தில் ஓர் ஆச்சி இருந்தார். அந்த ஊர்க் குடாவில் ஒருகாலம் மெல்லிய கண்ணாடிச் சிப்பியிலிருந்து பொடிமுத்து எடுத்தார்கள், ஆங்கிலேயர் அதைக் குத்தகைக்கு விட்டார்கள். அந்த முத்தில் நாலு மணி யாரிடமாவது இருக்காதா என்று கேட்டுக்கொண்டுதான் போனேன். ஆச்சி ஒரு பழைய பிஸ்கட் ரின்னை எடுத்து வந்தார். முத்து இல்லை. சாவி, கோயில் விபூதிப் பொட்டலம், உறுதி ஓலை, அடியில் ஒரு புரூச். பூட்டனுக்குப் பூட்டன் கோட்டையில் ஒரு துரை வீட்டில் குசினி வேலை பார்த்தவராம். துரைசானி ஊருக்குப் போகும்போது கொடுத்ததாம்.

"கோணேசர் திருவிழாவுக்கு இதைத்தான் தம்பி சேலையில குத்திக்கொண்டு போறனான். நடுவில பட்டு நூல், பார்த்தீரே எவ்வளவு நேர்த்தி!"

நான் வில்லைக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சுற்றிவரக் கறுப்பு எனாமல். பின்புறம் ஒரு பெயரும் இறந்த நாளும்.

"ஆச்சி, இது நூலில்லை. செத்த ஆளின்ரை தலைமயிர்."

ஆச்சி புரூச்சை அப்படியே திண்ணையில் போட்டார். "ஐயோ கோணேசா! இத்தினை வருசம் உன்ரை மூலஸ்தானத்துக்கு நேரே துடக்கோடயல்லோ நிண்டிருக்கிறன்!" என்றவர் கிணற்றடிக்கு ஓடினார். மருமகள் அள்ளி ஊற்றுகிறார், இவர் அங்கிருந்தே கத்துகிறார்: "தம்பி, ஆம்பிளையின்ரையோ பொம்பிளையின்ரையோ?"

"தெரியேல்லை ஆச்சி. செம்பட்டையாக் கிடக்கு. மெல்லிசு. குழந்தைப்பிள்ளையின்ரை போல."

வாளிச் சத்தம் நின்றது. ஆச்சி ஈரத்தலையோடு வந்தார். "பிள்ளையோ? பெத்தவள் என்னெண்டு தாங்கினாளோ" என்றார். ஒரு செவ்வரத்தம்பூவைப் பிடுங்கி வந்து அந்தப் புரூச்சின் மேல் வைத்தார். பொன் வைக்கிற இடத்தில் பூவை வை என்கிறோம். அவர் பொன்னுக்கு மேலேயே பூ வைத்தார். எனக்கும் கண் கலங்கியது. உடனே ஆச்சி என்னைப் பார்த்து, "நீரும் தொட்டனீரெல்லே? முழுகிப்போட்டு வாரும். பிறகுதான் தேத்தண்ணி" என்றார். மகனின் சாரத்தைக் கட்டிக்கொண்டு அந்தக் கிணற்றில் நானும் முழுகினேன்!

இந்தச் சிரிப்பை இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படம் எடுக்கவா என்று அன்றைக்குக் கேட்டேன், துடக்குச் சாமானைப் படம் பிடிக்க ஆச்சி விடவில்லை. அவர் காலமானார். 2022 வந்தது. கியூவில் நின்று, மண்ணெண்ணெய்க்கும் மாப்பெட்டிக்கும் நகை விற்ற அந்த வருடத்தை யாரும் மறக்கவில்லை. பேரப்பிள்ளை அந்தப் புரூச்சைக் கொண்டுபோய் ஒரு கடையில் கொடுத்தார். உரைத்துப் பார்த்தார்கள். 15 கரட், 22 இல்லை என்று விலையைக் குறைத்தார்கள். கண்ணாடியை நெம்பி, முடியைக் கூட்டித் தள்ளிவிட்டு, பொன்னை உருக்கினார்கள். அந்தப் பேரனில் நான் பிழை சொல்ல மாட்டேன். பசிக்கு முன் புரூச் என்ன செய்யும்?

ஆனால் கடைக்காரர்களே, 15 கரட் என்ற இலக்கத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் 9, 12, 15 கரட் தங்கத்தைச் சட்டம் அனுமதித்தது 1854 இல். 12, 15 இரண்டையும் 1932 இல் நிறுத்திவிட்டார்கள். ஆக, 15 என்ற முத்திரை கண்டால் அந்த நகையின் வயதுக்கு இரண்டு பக்கமும் வேலி போட்டாயிற்று. நீங்கள் குறைவு என்று தள்ளியதுதான் அதன் பிறப்புச் சாட்சிப் பத்திரம். நான் சொன்ன இரண்டாவது விடயம் இதுதான், மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய புரூச்சின் ஊசி விளிம்பைத் தாண்டி நீளும், கொளுக்கி வெறும் வளைவாக இருக்கும். பூட்டுக் கொளுக்கி பிந்தி வந்தது. அட்டியலில் சிவப்புக்கல்லை வில்லையால் பாருங்கள். உள்ளே வளைந்த கோடுகள் தெரிந்தால் அது உலையில் செய்த கல். அந்த முறை வெளியானது 1902 இல். அட்டியல் பழையதாகவே இருக்கலாம், கல் பிறகு மாற்றியது. நம் தட்டார் கல்லின் பின்புறத்தை மூடி, உள்ளே அரக்கு நிரப்பினார்கள். அதனால் நிறுத்த எடையெல்லாம் பவுண் அல்ல. உருக்கினால் உங்களுக்கும் நட்டம், எங்களுக்கும் நட்டம்.

இந்த ஊருக்குப் பறிகொடுத்த அனுபவம் புதிதல்ல. 1622 இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். ஆனால் மண்ணுக்குள் இருந்த திருமேனிகள் 1950 இல் கிணறு வெட்டும்போது வெளியே வந்தன. அறங்காவலர் சபைப் பெரியவர்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். புதைத்தது திரும்பி வந்தது. உருக்கியதை எந்தக் கிணற்றில் தோண்டுவது? 1990 இலும், 2006 இல் மூதூர், சம்பூர்ப் பக்கத்திலும் இடம்பெயர்ந்த தாய்மார் சேலைக் கரையில் தைத்துக் காப்பாற்றிய நகைகளை இப்போது கல்யாணத்துக்குப் புது டிசைன் வேண்டும் என்று நாமே அழிக்கிறோம்.

இந்த ஊருக்கு ஒரு நகைக் காட்சிக்கூடம் வேண்டும். கலாசார உத்தியோகத்தர் அவர்கள் தலையசைக்கிறார்கள், சந்தோஷம். அது எப்போது வருமோ தெரியாது. பொன் வைக்கிற இடத்தில் இப்போதைக்குப் பூவையாவது வைப்போம். நூலகத்தில் ஒரு பதிவேடு. உருக்கக் கொடுக்கும் முன் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், பக்கத்தில் ஓர் அடிமட்டம். எந்த ஊர், எந்தத் தலைமுறை, யாருடைய கல்யாணத்துக்குச் செய்தது என்று இரண்டு வரி. பெயரும் வேண்டாம், வீட்டு இலக்கமும் வேண்டாம், கள்ளருக்கு நாம் வழி காட்டக் கூடாது. கடைக்காரர்களே, உங்களிடம் வருவதை ஒரு கிழமை உருக்காமல் வைத்திருங்கள், நாங்கள் வந்து படமெடுத்துக்கொண்டு போகிறோம். ஒரு கிழமையில் பவுண் விலை இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று பின்னால் ஒருவர் முணுமுணுக்கிறார். ஏறவும் கூடும் ஐயா!

பேணுவது பற்றி மூன்றாவதாகச் சொல்ல இருந்தேன். தலைவர் இரண்டாவது துண்டும் அனுப்பிவிட்டார். எலுமிச்சம்புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அதுவரைக்கும் சொல்லிவிடுகிறேன். பின்வரிசை மேசையில் இரண்டு மாணவிகள் கமெராவோடும் தராசோடும் இருக்கிறார்கள். பாட்டி நகை போட்டு வந்தவர்கள் தேத்தண்ணீருக்குப் போகும் வழியில் அங்கே ஒரு எட்டுப் போய் வாருங்கள். கழற்றக்கூடத் தேவையில்லை. செய்கூலியும் இல்லை, சேதாரமும் இல்லை. நன்றி, வணக்கம்.