மாம்பழம் என்ன பாவம் செய்தது?

நடுவர் அவர்களே, ‘பச்சைக் குழந்தை வீறிட்டு அழுவதற்குக் காரணம் தாய் தின்ற சோறே’ என்று பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி அக்காவுக்கு ஒரு கேள்வி. புட்டிப்பால் குடிக்கிற குழந்தையும் கிட்டத்தட்ட இதே அளவு அழுகிறதே, அதற்கு யார் பத்தியம் இருப்பது? பால் டப்பாவா?

நான் பிள்ளை பெற்றது சேலத்தில், அதுவும் மாம்பழ சீசனில். கூடத்தில் வைக்கோலுக்குள் மல்கோவா பழுத்து வாசம் தூக்குகிறது, என் தட்டிலோ பூண்டு ரசம். கத்தரிக்காய் கரப்பான், உருளைக்கிழங்கு வாயு, பருப்பு மந்தம், மாம்பழம் சூடு என்று அம்மாயி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் கடைசியில் மிஞ்சியது சோறுதான். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். ரசத்திலிருந்தா வரும்?

வாயுவுக்கு வருகிறேன். மொச்சை கிளப்புகிற வாயு என் குடலில் உண்டாகிறது, அதனால் பக்கத்தில் இருப்பவருக்குச் சங்கடம் வரலாம், பிள்ளைக்கு வராது. பால் ஊறுவது ரத்தத்திலிருந்து, குடல் காற்று குமிழ் குமிழாக அதில் ஏறி வருவதில்லை.

பசும்பால் கதை வேறு, ஒத்துக்கொள்கிறேன். அதன் புரதம் தாய்ப்பாலில் கொஞ்சம் கலந்து வரும், அது சேராத குழந்தைகள் சிலர் உண்டு. மலத்தில் ரத்தம், தோலில் படை, ஓயாத வாந்தி என்று ஏதாவது பெரும்பாலும் கூடவே இருக்கும். அப்போது டாக்டரைக் கேட்டு இரண்டு வாரம் பால், தயிரை நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், மாம்பழத்தைப் பிடுங்கிய அதே கைதான் ‘பால் ஊறட்டும்’ என்று எனக்கு தினம் இரண்டு டம்ளர் பசும்பால் நீட்டியது! குழந்தை நாக்கில் தேனும் வசம்பும் தடவ வந்ததும் அதே கைதான். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து என்று நர்ஸ் சத்தம் போட்ட பிறகே நின்றது.

டாக்டர்கள் காலிக் என்று சொல்லும் இந்த அழுகை இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரம் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக ஓய்ந்துவிடும். என் மகனும் சாயங்காலம் ஆறு மணிக்கு முழங்காலை வயிற்றோடு மடக்கி, முகம் செக்கச்செவேலென்று ஆரம்பித்தால் ஒன்பதுதான். மூன்று மாதம் முடிந்த வாரம் நின்றது. அந்த வாரம் நான் காரச் சட்னி வழிய வழிய இரண்டு தட்டு தட்டுவடை செட் சாப்பிட்டிருந்தேன். நல்ல பேர் வாங்கியது என்னவோ அம்மாயி எனக்கு வைத்துக் கொடுத்த ஓமத்தண்ணீர்!